பெட்டிக்குள் போட்டால் போதுமா?

டென்மார்க்கில் கொன்ரெயினர் என்று சொன்னால் என் வயதுக்காரருக்கு ஞாபகம் வருவது ஓகூஸ் துறைமுகமும், மேர்ஸ்க் நிறுவனத்தின் வெளிர்நீலக் கப்பல்களும்தான். இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகளிடம் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். டொக்கர் என்பார்கள், குபர்நெற்றிஸ் என்பார்கள். ஒரு கலியாண வீட்டில் டேட்டாமற்றிக்கர் படிக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் இருந்தார். அவர்களுடைய சங்கத்தின் இணையத்தளத்தைப் பற்றிக் கேட்டேன். "எல்லாத்தையும் கொன்ரெயினருக்குள்ள போட்டாச்சு மாமா, இனிப் பிரச்சினை இல்லை" என்றார்.

இந்தப் பதிவு "இனிப் பிரச்சினை இல்லை" என்ற அந்த மூன்று சொற்களைப் பற்றியது.

உணவகத்தில் கறி காய்ச்சுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணனி படிக்கத் தொடங்கி, முடிக்காமல் நாட்டை விட்டு வந்தவன் நான். பட்டம் வரவில்லை, பைத்தியம் மட்டும் போகவில்லை :-) இந்த வலைப்பதிவும் இன்னும் இரண்டு தளங்களும் நான் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் ஒரு சின்னச் சேர்வரில், கொன்ரெயினர்களுக்குள்தான் ஓடுகின்றன. ஆகவே கொன்ரெயினர் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் பெட்டி

1956 ஏப்ரல் 26 ஆம் திகதி மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறிக்காரர் ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்ரனுக்கு அனுப்பினார். அதற்கு முதல் சாக்குச் சாக்காக, பீப்பாய் பீப்பாயாகத்தான் கப்பலுக்கு ஏற்றுவது. எல்லாம் ஒரே அளவுப் பெட்டிக்குள் போனதும், உள்ளே இருப்பது தேயிலையா தொலைக்காட்சியா என்று பாரம்தூக்கிக்குத் தெரியவேண்டிய தேவை இல்லாமல் போனது. மேர்ஸ்க் தன்னுடைய முதலாவது முழுக் கொன்ரெயினர் கப்பலை 1975 இல் கடலில் விட்டது. உலகம் மாறியது அந்தப் பெட்டியால்தான்.

மென்பொருளிலும் அதே கதைதான். எழுதியவரின் கணனியில் நன்றாக ஓடும் நிரல், சேர்வரில் ஏற்றியதும் படுத்துவிடும். அங்கே வேறு லினக்ஸ் பதிப்பு, வேறு நூலகக் கோப்புகள். "என்ர மெசினில வேலை செய்யுதே" என்பது எங்கள் தொழிலில் "உப்புப் போட்டனானே" என்று சொல்வது மாதிரி. சாப்பிடுகிறவருக்கு அது பதிலாகாது. ஆகவே நிரலோடு அதற்குத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதியாகக் கட்டி அனுப்பலாம் என்று யோசித்தார்கள். யோசனை பழையது. ஒரு நிரலை ஒரு மூலைக்குள் அடைத்துவைக்கும் வசதி யுனிக்ஸில் 1979 இலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு நிரலுக்கும் இவ்வளவுதான் நினைவகம், இவ்வளவுதான் வேகம் என்று அளந்து கொடுக்கும் வசதியைக் கூகிள் பொறியியலாளர்கள் எழுத, அது 2008 இல் லினக்ஸின் கருவுக்குள் சேர்ந்தது. 2013 மார்ச்சில் சொலமன் ஹைக்ஸ் என்பவர் அமெரிக்காவில் ஒரு பைதன் மாநாட்டில் சில நிமிடங்கள் மேடையேறி டொக்கரைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். டொக்கரின் சின்னமே முதுகில் பெட்டிகளை அடுக்கிய ஒரு திமிங்கிலம். அடுத்த வருடம் கூகிள் குபர்நெற்றிஸை வெளியிட்டது. அது கிரேக்கச் சொல். சுக்கான் பிடிப்பவன் என்று பொருள், எங்கள் மொழியில் மீகாமன். பெட்டிகள் நூற்றுக்கணக்கில் ஆனதும் எது எங்கே ஓடவேண்டும், செத்தால் எங்கே திரும்ப எழுப்பவேண்டும் என்று பார்க்க ஒரு மீகாமன் தேவைப்பட்டான்.

சமையலறைக் கணக்கில் சொன்னால் விளங்கும். டொக்கர்ஃபைல் என்பது சமையல் குறிப்பு. அதைப் பார்த்து வெட்டி, அளந்து, பொதி செய்து குளிரில் வைத்திருப்பது இமேஜ். அந்தப் பொதியை உடைத்து அடுப்பில் ஏற்றினால் சட்டியில் கொதிப்பதுதான் கொன்ரெயினர். ஒரே மாதிரிப் பொதி நூறு இருந்தால் நூறு சட்டி ஏற்றலாம். ஒரு சட்டி கரிந்தால் கொட்டிவிட்டு இன்னொரு பொதியை உடைக்கலாம்.

இதில் இரண்டு விடயத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஒன்று, சட்டிகள் தனித்தனி என்றாலும் அடுப்பு ஒன்று. ஒரு சேர்வரில் உள்ள கொன்ரெயினர்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் கருவைத்தான் பகிர்கின்றன. அவற்றுக்கு நடுவே இருப்பது சீமெந்துச் சுவர் அல்ல, பலகைத் தட்டி. 2019 பெப்ரவரியில் ரன்சி என்ற அடிப்படைக் கருவியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. கொன்ரெயினருக்குள் ரூட் அதிகாரத்தோடு இருக்கும் ஒருவன் அதன் வழியாக வெளியே வந்து முழுச் சேர்வரையும் பிடிக்கலாம். உடனே திருத்தம் வந்தது, போட்டவர்கள் தப்பினார்கள்.

மற்றது இன்னும் முக்கியம். கொன்ரெயினர் என்பது எறிவதற்காகச் செய்த சாமான். அதன் பெருமையே அதுதான். சனம் அதைப் பெட்டகம் என்று நினைக்கிறது. அது பேப்பர்க் கோப்பை. கொன்ரெயினரை அழித்துப் புதிதாக எழுப்பினால் அதற்குள் எழுதப்பட்டதெல்லாம் சேர்ந்தே போகும். வைத்திருக்கவேண்டிய தரவு எதுவோ அதை வெளியே, வொலியூம் என்ற தனி இடத்தில் வைக்கவேண்டும். இது முதல் நாள் பாடம். ஆனாலும் இதைத் தவறவிட்டு, ஒரு புதுப்பித்தலோடு முழுத் தரவுத்தளத்தையும் கழுவி ஊற்றியவர்களின் கதைகள் உலகம் முழுக்க உண்டு.

ஓடவிடுவது வேறு, ஓட்டிக்கொண்டிருப்பது வேறு

டெனிஷ் மொழியில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: ட்ரிஃப்ட். பண்ணை நடத்துவதும் ட்ரிஃப்ட், உணவகம் நடத்துவதும் ட்ரிஃப்ட், சேர்வரை இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருப்பதும் ட்ரிஃப்ட்தான். ஒரு நாள் விருந்துக்கு நல்ல பிரியாணி போடுகிறவர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வருடத்தில் முன்னூறு நாள் அதே பிரியாணியை அதே ருசியில், ஒருவருக்கும் வயிறு குழம்பாமல் போடுவது வேறு வேலை. பிள்ளைகள் பாடசாலையில் படிப்பது பெரும்பாலும் முதலாவதை. சம்பளம் கொடுப்பது இரண்டாவதற்கு.

இங்கே உணவகம் நடத்துகிறவர்களுக்கு உணவுப் பரிசோதனைத் திணைக்களத்தின் ஸ்மைலி தெரியும். 2001 இலிருந்து இருக்கிற முறை. பரிசோதகர் வந்து பார்த்துக் கொடுக்கும் அறிக்கையை வாடிக்கையாளர் காணக்கூடிய இடத்தில் ஒட்டவேண்டும். அவர் வந்தால் முதலில் திறப்பது குளிர்சாதனப் பெட்டியை. டப்பாவில் என்றைக்குச் செய்தது என்ற திகதி இல்லாவிட்டால் கதை முடிந்தது. "இது புதிசு சேர்" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை.

டொக்கரில் 'லேற்றஸ்ற்' என்று ஒரு அடையாளம் உண்டு. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் இமேஜை இழுத்தால் அதுதான் வரும். அது திகதி ஒட்டாத டப்பா. போன மாதம் இழுத்த லேற்றஸ்ற்றும் இந்த மாதம் இழுக்கும் லேற்றஸ்ற்றும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. தரவுத்தள மென்பொருளுக்கு அப்படி எழுதிவைத்தால், ஒரு நாள் சேர்வரை மறுபடி எழுப்பும்போது புதிய பெரிய பதிப்பு வந்து பழைய தரவுக் கோப்பைத் திறக்கமாட்டேன் என்று நிற்கும். பதிப்பு எண்ணை எழுதுங்கள். எழுதிவிட்டு அப்படியே மறந்தும் போகாதீர்கள். சேர்வரின் லினக்ஸைப் புதுப்பித்தால் இமேஜுக்குள் இருக்கும் பழைய கோப்புகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. பொதியைத் திரும்பக் கட்டவேண்டும். குளிரில் இருக்கிறது என்பதற்காக இறைச்சி நித்தியமாகிவிடாது.

இப்படி இன்னும் சின்னச் சின்ன விடயங்கள். டொக்கர் வழமையாக எழுதும் லொக் கோப்புக்கு அளவு வரம்பு கிடையாது. நாங்கள் வரம்பு போடாவிட்டால் என்றாவது ஒரு நாள் வட்டு நிரம்பி எல்லாம் நிற்கும். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற தடுப்புச்சுவரைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். டொக்கர் ஒரு துறையை வெளியே திறந்தால் அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்பது தெரியாது. தரவுத்தளம் தெருவில் நிற்கும். இதெல்லாம் இரகசியம் அல்ல, எழுதியே வைத்திருக்கிறார்கள். வாசிக்க ஆளில்லை.

உங்கள் சேர்வரை மட்டும் பார்த்தாலும் போதாது. 2022 ஒக்ரோபர் 29, ஒரு சனிக்கிழமை. டிஎஸ்பி ரயில்கள் நாடு முழுக்கப் பல மணித்தியாலம் நின்றன. ரயில் நிறுவனத்தின் கணனிக்குள் யாரும் புகவில்லை. சாரதிகளுக்கு வேக எல்லை, பாதை வேலை முதலிய தகவல்களைக் காட்டும் மென்பொருளை வழங்கிய சுபேயோ என்ற சின்ன நிறுவனத்தின் பரிசோதனைச் சூழலுக்குள்தான் புகுந்தார்கள். அந்த நிறுவனம் பயந்து தன் சேர்வர்களை நிறுத்தியது. தகவல் இல்லாமல் சாரதிகள் ரயிலை நிறுத்தினார்கள். பரிசோதனைக்கு வைத்த இடம்தானே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது.

மேர்ஸ்க்கும் கானாவின் மின்வெட்டும்

இனிப் பெட்டி வியாபாரத்தின் ராசாவிடம் வருவோம். 2017 ஜூன் 27. உக்ரேனில் வரிக்கணக்குப் பார்க்கும் எம்.ஈ.டொக் என்ற மென்பொருளின் புதுப்பித்தலுக்குள் நுழைந்த நொட்பெற்யா என்ற கிருமி, அதைப் பாவித்த நிறுவனங்களின் வலையமைப்புகள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. கொப்பன்ஹேகன் தலைமையகத்தில் கணனித் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. பல நாட்டுத் துறைமுகங்களில் லொறிகள் வரிசையில் நின்றன. எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று சொல்ல ஆளில்லை. நிறுவனத்துக்கு 25 முதல் 30 கோடி டொலர் வரை நட்டம்.

அடுத்த வருடம் டாவோஸில் மேர்ஸ்க்கின் அப்போதைய தலைவர் ஜிம் ஹாகமன் ஸ்னாப சொன்ன கணக்கு இது: 4000 சேர்வர்கள், 45,000 கணனிகள், 2500 மென்பொருள்கள், எல்லாவற்றையும் பத்து நாளில் திரும்ப நிறுவினோம். பெரிய சாதனைதான். ஆனால் இதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. 2018 இல் வயர்ட் சஞ்சிகையில் அன்டி கிறீன்பேர்க் அதை விரிவாக எழுதினார்.

யார் யார் எந்தக் கணனிக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை வைத்திருக்கும் டொமைன் கொன்ட்ரோலர் சேர்வர்கள் மேர்ஸ்க்கிடம் ஏறத்தாழ 150 இருந்தன. எல்லாம் ஒன்றோடொன்று எப்போதும் ஒத்திசைந்துகொண்டிருந்தன. ஒன்று போனால் மற்றது இருக்கும்தானே, இதற்குத் தனியாக பக்கப் எதற்கு என்று இருந்தார்கள். எல்லாமே ஒன்றாய்ப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. போனது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கானாவில். அது ஏன் தப்பியது? கிருமி வந்த நேரம் அங்கே கரண்ட் இல்லை! மின்வெட்டால் வலையமைப்பிலிருந்து அறுந்து கிடந்த அந்த ஒரு கணனிதான் உலகத்தின் மிகப் பெரிய கப்பல் நிறுவனத்தைக் காப்பாற்றியது. கரண்ட் போனால் திட்டியே பழகிய எங்களுக்கு இதை வாசிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்குமா?

சிரிப்பு அதோடு முடியவில்லை. கானாவின் இணைய இணைப்பு மிகவும் மெதுவானது, அந்தத் தரவை அனுப்பப் பல நாள் ஆகும். ஹார்ட் டிஸ்க்கைக் கையில் கொண்டுவா என்றார்கள். அங்கிருந்த ஊழியர்களிடம் பிரித்தானிய விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் வைத்து இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். ஒரு முத்திரைக்காக எத்தனை வாசலில் நின்றிருக்கிறோம் நாங்கள். மேர்ஸ்க்கும் ஒரு நாள் நின்றது.

இந்தக் கதையில் 4000 சேர்வர் ஒரு பக்கம், அந்த ஒரு வட்டு மறுபக்கம். 4000 சேர்வர் திரும்பச் செய்யக்கூடிய சாமான். மென்பொருள் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், இரவு பகலாக நின்றால் முடியும். அந்தப் பதிவேடு அப்படியல்ல. இன்னொரு விடயமும் கவனியுங்கள்: 150 பிரதி இருந்தும் பக்கப் இல்லை. குபர்நெற்றிஸில் "மூன்று பிரதி ஓடுது" என்று பெருமையாகச் சொல்லும் தம்பிமாருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். மூன்று பிரதி ஓடுவது ஒரு சேர்வர் செத்தாலும் கடை திறந்திருப்பதற்காக. ஒத்திசையும் பிரதிகளில் ஒன்றில் அழித்தால் மூன்றிலும் அழியும், அதுவும் மிக வேகமாக. அந்த மீகாமன் கப்பலைத் தான் ஓட்டுவான். சரக்குக்குக் காப்புறுதி போட்டது நீங்களா என்று அவன் கேட்கமாட்டான்.

2023 ஓகஸ்ட்

மேர்ஸ்க்கிடம் காசும் ஆளும் இருந்தது. இல்லாதவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க 2023 ஓகஸ்ட் மாதம் ஒன்றே போதும்.

18 ஆம் திகதி அதிகாலை டென்மார்க்கின் கிளவுட்நோர்டிக் என்ற சேர்வர் வாடகை நிறுவனத்துக்குள் கப்பம் கேட்கும் கும்பல் புகுந்தது. ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர்கள் சேர்வர்களை மாற்றிக்கொண்டிருந்த நேரம். ஏற்கனவே கிருமி இருந்த சில இயந்திரங்கள், எல்லாச் சேர்வர்களையும் நிர்வகிக்கும் உள் வலையமைப்போடு இணைக்கப்பட்டுவிட்டன. அந்த வழியாக வாடிக்கையாளரின் வட்டுகள், முதலாவது பக்கப், இரண்டாவது பக்கப் எல்லாம் பூட்டப்பட்டன. கப்பம் கட்ட முடியாது, கட்டவும் மாட்டோம் என்றது நிறுவனம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள் என்று அவர்களே அறிவித்தார்கள். பக்கப் இருந்தது. அதே கயிற்றில் கட்டி இருந்தது.

எட்டு நாள் கழித்து, 26 ஆம் திகதி, இலங்கை. அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் இதே மாதிரித் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5000 அரச மின்னஞ்சல் முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. பக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டதால் அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் திரும்பக் கிடைக்கவில்லை. பணக்கார நாடு, கடனில் முறிந்த நாடு, இரண்டுக்கும் ஒரே பாடம். காசு மட்டும் காரணமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

எங்களுக்கு ஏன் இது

இதையெல்லாம் நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளட்டும், எங்களுக்கு என்ன என்று கேட்காதீர்கள். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூல் நிலையம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று எல்லோரும் சொல்கிறோம். அவற்றில் அச்சில் வந்த பல நூல்களை வேறு நூலகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் திரும்பத் தேடலாம். ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடியை எங்கே தேடுவது? அந்த நெருப்பு வைத்தவனின் குற்றம் வைத்தவனுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகாவது ஒரு பிரதி போதாது என்று நாங்கள் படித்திருக்கவேண்டும். 2005 இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கிய இளைஞர்கள் படித்தார்கள். ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் இன்று எங்கிருந்தும் வாசிக்கக் கிடைப்பது அவர்களால். எங்கள் சங்கங்கள் படித்தனவா?

எனக்குத் தெரிந்த ஒரு சங்கம், பெயர் வேண்டாம். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து இறங்கிய ஆட்களின் படங்கள், முதல் தமிழ்ப் பள்ளியின் வரவு இடாப்பு, றோணியோவில் அடித்த மலர்கள் எல்லாவற்றையும் வீடு வீடாகச் சேர்த்து ஸ்கான் பண்ணி இணையத்தில் போட்டார்கள். நல்ல வேலை. செய்த தம்பி கெட்டிக்காரர். மூன்று சேர்வரில் குபர்நெற்றிஸ் போட்டார். நாளுக்கு முப்பது பேர் பார்க்கும் தளத்துக்கு அது எதற்கு என்று கேட்டால், "இப்ப எல்லா இடமும் இதுதான் அண்ணை" என்றார். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட உதவும்தான், அதைக் குறை சொல்லவில்லை. நல்ல வேலையும் கிடைத்து வேறு நாட்டுக்குப் போனார். வாடகை அவருடைய வங்கி அட்டையில் போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியானது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் யாரும் திறக்காத ஒரு பெட்டிக்குப் போயின. சில வாரங்களில் வாடகை நிறுவனம் தன் விதிப்படி எல்லாவற்றையும் அழித்தது. கொன்ரெயினரின் சமையல் குறிப்புகள் எல்லாம் கிட்ஹப்பில் பத்திரமாக இருக்கின்றன. சட்டி பானை எல்லாம் திரும்ப வாங்கலாம். படங்கள்தான் இல்லை. மூலப் படங்களைக் கொடுத்த ஐயா ஒருவர் இதற்கிடையில் காலமாகிவிட்டார். வீடு ஒதுக்கும்போது பழைய அல்பங்களைப் பிள்ளைகள் எறிந்துவிட்டார்களாம். "இணையத்தில இருக்குத்தானே" என்றார்களாம்.

அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை. ஒரு தொண்டரின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு, கணனி விடயம் எங்களுக்கு விளங்காது என்று ஒதுங்கிய நிர்வாகத்தில்தான் கோபம். காசுக்கணக்கை ஒருவரிடம் மட்டும் விட்டுவிட்டு இப்படி இருப்பீர்களா?

"அப்ப எல்லாத்தையும் பேஸ்புக்கில போடுவம்" என்பார்கள் சிலர். ஜியோசிற்றீஸை ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தமிழ்ப் பக்கங்கள் அங்கே இருந்தன. 2009 ஒக்ரோபரில் யாகூ அதை மூடியது. அடுத்தவன் வளவில் கட்டிய கொட்டில் எப்போதும் அடுத்தவன் வளவில்தான். ஆட்களுக்குக் காட்ட பேஸ்புக் நல்லது, வைத்திருக்க அல்ல.

அப்படியானால் என்ன செய்வது

கொன்ரெயினரைப் பாவியுங்கள். ஒரு சங்கத்துக்கு, ஒரு பள்ளிக்கு, ஒரு கடைக்கு ஒரு சேர்வரும் ஒரு டொக்கர் கொம்போஸ் கோப்பும் தாராளம். அந்த ஒரு கோப்பை வாசித்தால் எது எங்கே ஓடுகிறது என்று அடுத்து வருகிறவருக்கு விளங்கும். குபர்நெற்றிஸ் நூற்றுக்கணக்கான பெட்டி வைத்திருப்பவனுக்கு. மாட்டு வண்டிக்கு மீகாமன் தேவையில்லை.

தரவு வெளியே இருக்கட்டும். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை வெறுமனே பிரதி எடுத்தால் அரைகுறையாக வரலாம். அதற்கென்று உள்ள கட்டளையால் ஒவ்வொரு இரவும் தனிக் கோப்பாக இறக்குங்கள். பழைய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கிளவுட்நோர்டிக்குக்குப் பிறகு நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். ஒன்றாவது வயர் கழற்றி இருக்கவேண்டும். மாதம் ஒரு தடவை ஒரு வெளி வட்டில் எடுத்துக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். கானாவுக்கு மின்வெட்டு தற்செயலாகச் செய்ததை நீங்கள் வேண்டுமென்றே செய்கிறீர்கள்.

எடுத்த பக்கப்பை வருடத்தில் இரண்டு தரமாவது ஒரு வெறும் கணனியில் திரும்ப எழுப்பிப் பாருங்கள். திறந்து பார்க்காத பக்கப் பக்கப் அல்ல, நம்பிக்கை. இங்கேதான் கொன்ரெயினரின் உண்மையான பெருமை வருகிறது. முன்பு இதற்கு இரண்டு நாள் வேண்டும். இப்போது பொதியை இறக்கி, தரவை ஊற்றி, அரை மணித்தியாலத்தில் தளம் எழும்புகிறதா என்று பார்த்துவிடலாம். அடிக்கடி பரீட்சை வைக்கக்கூடிய அளவுக்கு வேலையைச் சுருக்கியதுதான் டொக்கர் எங்களுக்குச் செய்த உபகாரம். அதைப் பாவிக்காமல் "பெட்டிக்குள் போட்டாச்சு" என்று படுத்தால் அது உபகாரமல்ல.

கடைசியாக ஒரு யோசனை, எல்லாச் சங்க நிர்வாகத்துக்கும். டென்மார்க்கில் சங்கம் என்றால் வருடாவருடம் பொதுக்கூட்டம் உண்டு. பொருளாளர் எழும்பிக் கணக்கறிக்கை வாசிப்பார், கணக்காய்வாளர் கையெழுத்து வைப்பார், சனம் கேள்வி கேட்கும். அதற்கு அடுத்ததாக நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள். தளம் எங்கே இருக்கிறது, வாடகையை யார் கட்டுகிறார், கடவுச்சொல் எந்த இரண்டு பேரிடம் இருக்கிறது, கடைசியாகப் பக்கப்பை எப்போது திரும்ப எழுப்பிப் பார்த்தீர்கள், யார் பார்த்தார். ஐந்து நிமிடம் போதும். எழுப்பிப் பார்த்தவர் பக்கத்தில் இருந்தவரோடு சேர்ந்து கையெழுத்து வைக்கட்டும். கணனி தெரியாத ஐயாவும் அம்மாவும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். கேட்கவேண்டும். படங்கள் அவர்களுடையவை.

அடுத்த பொதுக்கூட்டங்கள் பல இடங்களில் மார்ச் மாதத்துக்கு முதல் வருகின்றன. ஓடென்சவிலோ ஹேர்னிங்கிலோ யாராவது கேட்டுப் பார்த்தால், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

பி.கு: என்னுடைய சேர்வரில் எத்தனை பெட்டி என்று கேட்டு மின்னஞ்சல் போட்ட நண்பருக்கு: நான்கு. கழற்றிய வட்டு அலுமாரியில், மாசித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில். இரண்டிலும் திகதி ஒட்டியிருக்கிறது.